மயில்பச்சைப் பொன்னாடை

பீரோவைத் திறந்ததும் பன்னீர் வாசம் வந்தது. கல்யாண வீட்டு வாசலில் சிரித்துக்கொண்டே தெளிக்கிற பன்னீர் இல்லை இது. ஊதுபத்திப் புகையும், வாடத் தொடங்கிய சம்பங்கியும், ஐஸ் பெட்டியின் ஈரமும் ஒன்றாகக் கலந்து, வீடு திரும்பித் தலைமுழுகிய பிறகும் மூக்கைவிட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த வாசம். பாண்டிசெல்வி கதவைச் சட்டென்று சாத்தினாள். பிறகு, இதென்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி திறந்தாள். மேல்தட்டில், மடிப்புக் கலையாமல், அந்த மயில்பச்சைச் சால்வை இருந்தது.

இருக்கக் கூடாது. போன மாதம் அதைச் செல்லத்தாய்க்குப் போர்த்தி, அவளைக் கூமாப்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டது பாண்டிசெல்வியேதான்.

ராஜபாளையத்தில் அந்த வீட்டை இன்னும் எழுத்தாளர் வீடு என்றுதான் சொல்வார்கள். எழுத்தாளர் ஐயாதுரை காலமாகி எட்டு வருஷமாகிறது. சென்னையில் இருக்கும் மகன் வினோத், வீட்டை விற்காமல், ஓவியர்களும் நாடகக்காரர்களும் வந்து தங்கி வேலை செய்யும் இடமாக்கினார். மாதம் ஒரு சாயங்காலம் முற்றத்தில் நாற்காலி போட்டு ஒரு நிகழ்ச்சி நடக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்வது பாண்டிசெல்வி. வினோத் நல்ல மனுஷர்தான், ஆனால் எச்சில் கையால் காக்காய் ஓட்டமாட்டார். "அப்பாவுக்கு வந்த பொன்னாடை பீரோ நெறையக் கெடக்கு. அதுல ஒண்ணைப் போத்துங்கக்கா, புதுசு எதுக்கு?" என்று போனில் சொல்லிவிட்டார். நம் ஊரில் ஒரே பொன்னாடை பத்து மேடை ஏறுவது என்ன அதிசயமா? மேலே இருந்ததை எடுத்தாள்.

முதலில் போர்த்தியது ஓவியர் ஜெபக்குமாருக்கு. பங்குனி வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. அந்த மனுஷன் மேடையிலிருந்து இறங்கும்போதே, "குளுருதுக்கா" என்றார். ஒரே வாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரை அடக்கம் செய்தார்கள். அடுத்த மாதம் சால்வை பீரோவில் கிடந்தபோது, பாவம், மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நாடகக்காரி செல்லத்தாய்க்குப் போர்த்தினாள். பஸ் ஏறும்போது அவளுக்குப் பல் கிட்டியது. "செத்த நேரம் கையப் புடிச்சுக்கோ தாயி" என்றாள்.

பத்து நாளில் அவளும் போனாள். பாண்டிசெல்வி கூமாப்பட்டிக்குப் போய் அழுதாள். சாவு வீட்டில் யாரும் 'வாரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பமாட்டார்கள். அவளும் சொல்லாமல் எழுந்து, வாசல் குழாயில் கால் கழுவிவிட்டு வந்தாள். சால்வையை அப்போது நினைக்கவே இல்லை.

இன்றைக்கு மேடையேறுவது அவள் புருஷன் பால்பாண்டி.

மில் வேலைக்காரர். ஊர் ஊராகக் கோயில் கொடைத் திருவிழாக்களில் பாடியும் யாரும் அவரை மேடைக்கு அழைத்து மரியாதை செய்ததில்லை. காலையிலிருந்து கண்ணாடியை விட்டு நகரவில்லை. எந்த ஷிப்டுக்குக் கிளம்பினாலும் "ஏட்டி, வாரேன்" என்று சொல்லாமல் படி தாண்டாத மனுஷர். அவரை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது.

"இங்கேருங்க, இன்னிக்குப் பாட்டு வேண்டாம்."

"கிறுக்கு புடிச்சிருக்காட்டி? இத்தனை வருசத்துக்குப் பொறவு ஒரு பொன்னாடை வருது."

"அந்தச் சால்வை திரும்பத் திரும்ப வந்துருதுங்க. போத்துனவுக ரெண்டு பேரும் இல்ல."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சிரித்தார். "அது என்ன, பொணத்துக்குப் போடுற கோடித் துணியா?"

அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கொல்லைக்குப் போய்ச் சால்வையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். சரிகை சுருண்டு, பட்டு பொசுங்கி, கடைசிச் சாம்பலும் காற்றில் போகும்வரை நின்றாள். பிறகு பஜாருக்குப் போய்ச் சிவப்பில் ஒரு புதுச் சால்வை வாங்கி, தட்டில் வைத்து, பேப்பரால் மூடினாள்.

சாயங்காலம் வினோத் வந்து இறங்கினார். அவரிடம் கேட்டே விட்டாள்.

"மயில்பச்சையா? அது அப்பா மேல கடைசியாச் சாத்துனதுக்கா" என்றார் அவர், சாதாரணமாக. "தூக்குறதுக்கு முன்னாடி நாந்தான் உருவி மடிச்சு வச்சேன். அசல் பட்டு, எதுக்கு எரிக்கணும்?"

எரித்தாயிற்று, நானே எரித்தேன், சாம்பலைப் பார்த்தேன் என்று திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். தட்டை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம்கூடக் கையை எடுக்கவில்லை.

பால்பாண்டி பாடினார். மைக் கரகரத்தது. மேற்கே மலை இருட்டிக்கொண்டு வந்தது. அவர் குரல் ஏற ஏறக் கூட்டம் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தது. பெருமையில் அவளுக்குக் கண் நிறைந்தது. அப்போதுதான் மடியிலிருந்து மெல்லப் பன்னீர் வாசம் கிளம்பியது. பிறகு சம்பங்கி. பிறகு ஐஸ் பெட்டியின் ஈரம். தட்டு கனத்துக்கொண்டே போனது.

"இப்ப நம்ம பாடகருக்குப் பொன்னாடை போத்துறோம்" என்றார் வினோத்.

அவள் மேடையேறிப் பேப்பரை விலக்கினாள்.

மயில்பச்சை.

வினோத் அதை எடுத்து உதறி விரித்தார். பால்பாண்டி சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டு கழுத்தைத் தாழ்த்தினார். யோசிக்க நேரமில்லை. பாண்டிசெல்வி பாய்ந்து பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கைதட்டியது. "அதுவும் சரிதான், அம்புட்டு வேலையும் அக்காதான பாக்குறாவ" என்று சொல்லி வினோத் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். பால்பாண்டியும் சிரித்தார். நல்லவேளை, அவர் தோளில் விழவில்லை. அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம் இருந்தது.

குளிர் பாதத்தில் தொடங்கியது.

முழங்கால். இடுப்பு. நெஞ்சு.

கைதட்டல் நின்றது. எங்கோ ஊதுபத்தி புகைந்தது. முன்வரிசை எழுந்தது. ஒவ்வொருவராக மேடையேறி வந்தார்கள். அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார்கள். காலடியில் கும்பிட்டார்கள். இறங்கிப் போனார்கள்.

யாரும் 'வாரேன்' சொல்லவில்லை.

எழுந்திருக்கப் பார்த்தாள். காலைப் பிரிக்க முடியவில்லை. குனிந்து பார்த்தாள். இரண்டு கட்டைவிரலும் ஒரு வெள்ளைத் துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டியிருந்தது. கத்தப் பார்த்தாள். தாடை அசையவில்லை.

கடைசியாகப் பால்பாண்டி வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சால்வையை அவள் கழுத்துவரை இழுத்துச் சரிசெய்தார். அவர் விரல் சுட்டது. அவ்வளவு சூடாக இருந்தார், உயிரோடு.

சொல்லுங்க. ஒரே ஒரு தடவை. ஏட்டி, வாரேன்னு சொல்லுங்க.

அவர் உதடு துடித்தது. சொல்லவில்லை. திரும்பினார். படியிறங்கினார்.

முற்றத்துக் குழாயடியில் வரிசையாக நின்றார்கள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தன் முறை வந்ததும் பால்பாண்டி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வலது காலைக் கழுவினார். பிறகு இடது காலை.

திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.