ஒன்பதாம் பேட்டி

பேராசிரியர் உள்ளே வந்தும் உட்காரவில்லை.

"இன்னைக்கு நாலு மணிக்கு ஒருத்தரோட வேலை போயிடும்மா. அதுக்குள்ள எனக்கு உண்மை தெரியணும்."

ஓய்வுபெற்ற நூலகரான அந்த அம்மாள், பசை தடவிக்கொண்டிருந்த புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். காணாமல் போன புத்தகங்களையும் அவற்றை எடுத்தவர்களையும் முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் கண்டுபிடித்தவர் அவர். ஒருவரையும் திருடர் என்று சொன்னதில்லை. அவருடைய கணவரின் தம்பியை வீட்டிலும் வெளியிலும் 'அவசரம்' என்றுதான் அழைப்பார்கள். யாரும் கூப்பிடுவதற்கு முன்பே அவர் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றார்.

பேராசிரியர் ஓர் இணையப் பக்கம் நடத்திவந்தார். சமூக ஆய்வை எப்படிச் செய்வது என்று அது கற்றுத் தந்தது. கேள்விகள் தயாரிப்பது, பேட்டி எடுப்பது, பதில்களை வகைப்படுத்துவது என்று இருபது பாடங்கள். யாரும் இலவசமாகப் படிக்கலாம். பயிற்சிக்காகப் பன்னிரண்டு பெண்களின் உண்மையான பேட்டிகள் ஒலியாகவும் எழுத்தாகவும் அதில் இருந்தன. எட்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய மாணவர்கள் எடுத்தவை.

"திங்கட்கிழமை பார்த்தா ஒன்பதாவது பேட்டியைக் காணோம். யாரோ வேணும்னே அழிச்சிருக்காங்க. பக்கத்தைப் பார்த்துக்கற கணினிக்காரர்தான்னு கல்லூரி நிர்வாகம் முடிவே பண்ணிட்டாங்க. அவருக்குப் படிக்கிற பொண்ணுங்க ரெண்டு பேரு."

"கடவுச்சொல் யார் யார்கிட்ட இருக்கு?"

"மூணு பேர்கிட்ட. நான், அவர், பேட்டியைக் கேட்டுத் தட்டச்சு செய்யற அம்மா. அவங்க வீட்டிலிருந்தே வேலை செய்யறவங்க. நடந்தது எதுவும் அவங்களுக்குத் தெரியாது."

"அப்போ கணினிக்காரரேதான், அண்ணி!" என்றார் அவசரம்.

"நீ எழுது, தம்பி. தீர்ப்பை அப்புறம் சொல்லலாம்."

கணினிக்காரரின் அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். தன் தண்ணீர்ப் பாட்டிலையும் மகள்களின் படத்தையும் அவர் ஏற்கெனவே ஒரு பையில் போட்டு வைத்திருந்தார்.

"பேட்டியைத் தவிர வேற எதுவும் போகலையா?" என்று கேட்டார் நூலகர்.

"ஐந்தாம் பாடத்துல ரெண்டு துண்டு போயிருக்கும்மா. காப்புப் பிரதியோட ஒப்பிட்டப்பதான் தெரிஞ்சுது."

ஐந்தாம் பாடத்தில், பன்னிரண்டு பேட்டிகளிலிருந்தும் வெட்டிய நாற்பது சின்ன ஒலித்துண்டுகள் கலந்து கிடந்தன. கேட்டதைக் கேட்டபடி எழுதப் பழகுவதற்காக வைத்தவை.

"இதை வெட்டினது யாரு?"

"கணினியேதான். ஏதாவது நாப்பது இடத்தை எடுன்னு விட்டோம். எது யாரோட குரல்னு பட்டியல்கூடக் கிடையாது."

அழிந்த இரண்டையும் நூலகர் காப்புப் பிரதியிலிருந்து கேட்டார். ஒன்றில் ஒரு வாக்கியம். மற்றொன்றில் வார்த்தையே இல்லை. ஆறு விநாடி மௌனம், முடிவில் ஒரு பெருமூச்சு.

"இது யாரோட பெருமூச்சு?"

கணினிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "நான் கோப்போட எண்ணைப் பார்ப்பேன்மா. உட்கார்ந்து கேட்டதில்லை."

"நானும் எழுத்தைத்தான் படிச்சேன்," என்றார் பேராசிரியர். "குரலைக் கேட்டவங்க மாணவர்கள். அவங்க எல்லாம் எங்கெங்கேயோ போயிட்டாங்க."

நூலகர் ஒன்பதாம் பேட்டியை முழுதாகக் கேட்டார். பாதியில் அதே மௌனமும் அதே பெருமூச்சும் வந்தன. பிறகு, "தட்டச்சு அம்மாவைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க," என்றார்.

வந்தவர் நரைத்த, மெலிந்த பெண்மணி. அவரை உட்காரவைத்துவிட்டு நூலகர் மெதுவாகப் பேசினார்.

"கெடுக்க நினைச்சவர் பேட்டியை மட்டும் அழிச்சிருப்பார். இவங்க அந்தக் குரல் ஒரு இடத்துலயும் மிஞ்சக் கூடாதுன்னு தேடியிருக்காங்க. பேரும் எண்ணும் இல்லாத நாப்பது துண்டுல, வெறும் மூச்சை வெச்சே ஆளைக் கண்டுபிடிச்சிருக்காங்க. எண்ணைப் பார்க்கறவரால அது முடியாது. எழுத்தைப் படிக்கறவராலயும் முடியாது. ஒரே பேட்டியை நிறுத்தி நிறுத்தி நூறு தடவை கேட்டவங்களால முடியும்." அவர் தட்டச்சு அம்மாவின் பக்கம் திரும்பினார். "உங்களைக் குத்தம் சொல்ல வரலைம்மா. ஆனா இவருக்கு இன்னைக்கு வேலை போகப்போகுது."

அந்த அம்மாள் பதறி எழுந்துவிட்டார். "ஐயோ, இவருக்கா? நான்தான் அழிச்சேன். அந்தப் பேட்டி கொடுத்தவங்க யாருன்னு மட்டும் கேட்காதீங்க, மத்ததெல்லாம் சொல்லிடறேன்."

போன வாரம் அவர் தட்டச்சு செய்ததைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, பேருந்து நிறுத்தத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தார். அவள் ஒரு வார்த்தை பேசியதுமே, அது ஒன்பதாம் பேட்டியின் குரல் என்று தெரிந்துவிட்டது.

"அந்த அம்மாவோட மருமக இந்தப் பாடத்தைத்தான் படிக்கிறா. கூடத்துல சத்தமா வெச்சுக் கேட்டிருக்கா. புருஷன்கிட்ட பட்ட அடி, வீட்டைவிட்டு ஓடின ராத்திரி, மகன்கிட்டகூடச் சொல்லாத எல்லாம் இவங்க குரல்லயே வந்திருக்கு."

"பேரை மாத்திட்டோமே…" என்றார் பேராசிரியர்.

"குரலை மாத்தலையேய்யா. 'எப்போ வேணும்னாலும் விலகிக்கலாம்'னு ஒப்புதல் தாள்ல போட்டிருக்கீங்க. கீழே இருக்கற நம்பர், எப்பவோ படிச்சுட்டுப் போன மாணவரோடது. நேரா இங்கே வந்தா காவல்காரர் விடலையாம். மூணு நாள் வந்திருக்காங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. இவர் தலையில விடியும்னு எனக்குத் தோணவே இல்லை."

அவசரத்தின் பேனா நின்றிருந்தது. கணினிக்காரர் என்று தான் முதலில் எழுதியதை அவர் பார்த்தார். அதை அழுத்தி அடித்தார்.

"கேட்காம அழிச்சது தப்புதான்மா," என்றார் நூலகர். "ஆனா அந்தத் தாள்ல கொடுத்த வாக்கை, இத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தான் காப்பாத்தியிருக்கீங்க."

கடவுள் பெரிய அலுவலகங்களுக்கு வராமல் இருப்பதில்லை. ஆனால் அவரையும் வாசலில் நிறுத்திவைத்துவிடுகிறோம். அப்போது அவர் பேருந்து நிறுத்தத்துக்கு யாரையாவது அனுப்பிவைக்கிறார்.

பேராசிரியர் தொலைபேசியை எடுத்து நிர்வாகத்தைக் கூப்பிட்டார். "அந்த வேலைநீக்கக் கடிதத்தைக் கிழிச்சிடுங்க. கணினிக்காரர் மேல எந்தத் தப்பும் இல்லை. அந்தப் பேட்டி அழிய வேண்டியதுதான். தப்பு என்னோடது, எழுதியே தர்றேன்."

வைத்துவிட்டுக் கணினிக்காரரிடம் வந்தார். "உங்களை நானும் பாதி நம்பிட்டேன். மன்னிச்சிடுங்க. அந்தக் காப்புப் பிரதியையும் அழிச்சிடுங்க."

கணினிக்காரர் தலையை அசைத்தார். பிறகு நாற்காலியைத் தட்டச்சு அம்மாளின் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே, உட்காருங்கக்கா. எனக்குக் குரல் தெரியாது. நீங்க கேட்டுச் சொல்லுங்க, ஒண்ணு விடாம அழிச்சிடலாம்."