முதல் பந்து பதின்மூன்றுக்கு

என் பெயர் ஷிஹோ. கூடைப்பந்து ஆடுவதுதான் என் வேலை. பதினோரு வருடமாக ஜப்பானின் பெண்கள் லீக்கில் ஆடுகிறேன். மாதாமாதம் சம்பளமும் வாங்குகிறேன். என் மாமா மட்டும் இன்னும் நம்பவில்லை. "விளையாட்டெல்லாம் சரி, வேலை என்ன பார்க்கறே?" என்பார்.

நான் பாயின்ட் கார்ட். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, அது யார் கைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவள். எங்கள் அணியிலேயே நான்தான் குள்ளம். மற்றவர்களோடு பேச வேண்டுமென்றால் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் மட்டும் அத்தனை பேரும் என்னைத்தான் பார்ப்பார்கள். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பத்திரிகைக்காரர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "பெஞ்சிலிருந்து யாராவது புதிதாக உள்ளே வந்தால், முதல் பந்தை அவருக்கே கொடுத்துவிடுகிறீர்களே, ஏன்?"

"அது என் மூக்கு சம்பந்தப்பட்ட விஷயம்" என்பேன். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. எங்கள் ஊர் வட ஜப்பானின் அகிதாவில், கடலோரத்தில் இருக்கிறது. டிசம்பரில் பனி கொட்ட ஆரம்பித்தால் மார்ச் வரை விடாது. அந்த நாலு மாதமும் எங்களுக்குப் பள்ளி உள்ளரங்கம்தான் உலகம்.

சிறுவர் கூடைப்பந்தில் எங்கள் நாட்டில் ஒரு விதி உண்டு. ஆட்டம் நான்கு பகுதி, பகுதிக்கு ஆறு நிமிடம். முதல் மூன்று பகுதிக்குள் பத்துப் பேராவது களத்தில் இறங்கி ஆடியிருக்க வேண்டும். நன்றாக ஆடுகிற ஐந்து பேரை மட்டும் வைத்து ஓட்டிவிட முடியாது. பத்துப் பேர் இல்லையென்றால் அந்த அணி ஆடாமலே தோற்றதாகக் கணக்கு.

எங்களிடம் ஒன்பது பேர்தான் இருந்தார்கள்.

அணித்தலைவி நான். சட்டையில் நான்காம் எண். எங்கள் ஊரில் எண்கள் நான்கிலிருந்துதான் தொடங்கும், நான்கு என்றால் தலைவி. தலைவி சும்மா இருக்கலாமா? என் வகுப்பில் கொனோமி என்றொரு பெண் இருந்தாள். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவள். நேராக அவளிடம் போனேன்.

"எனக்கு ஆடவே தெரியாதே" என்றாள்.

"ஆட வேணாம். வந்து நின்னா போதும். பந்து உன் பக்கமே வராது, நான் பார்த்துக்கறேன்!"

பெரிய உதவி செய்வதுபோல் சொன்னேன். அவள் தலையாட்டினாள். கடைசி எண் பதின்மூன்று அவளுக்குப் போனது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ஒவ்வோர் ஆட்டத்திலும் கொனோமி ஆறு நிமிடம் மூலையில் நின்றாள். பந்து அவள் பக்கமே போகவில்லை. நாங்கள் ஜெயித்துக்கொண்டே போனோம். மாவட்டப் போட்டியின் அரையிறுதிவரை வந்துவிட்டோம்.

அரையிறுதியில் ஒரே ஒரு தடவை, யாரோ வீசிய பந்து தவறிப்போய் கொனோமியிடம் வந்தது. விரல்களுக்கு நடுவே நழுவி வெளியே ஓடிவிட்டது.

"பதின்மூணுக்குப் போடாதீங்க!" என்று கத்தினேன்.

அரங்கம் முழுக்கக் கேட்டது. பார்வையாளர் வரிசையில் இருந்த அவள் அப்பாவுக்கும் கேட்டது. பெயரைக்கூடச் சொல்லவில்லை, எண்ணைச் சொன்னேன். ஆட்டம் முடிந்ததும் பதினோரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோனது.

மறுநாள் காலை பள்ளி வாசலில், காலணியைக் கழற்றி வைக்க ஆளுக்கொன்றாக இருக்கும் பெட்டிகளில் என்னுடையதைத் திறந்தேன். உள்ளே பதின்மூன்றாம் எண் சட்டை இருந்தது. துவைத்து, இஸ்திரி போட்டு, அழகாக மடித்து வைத்திருந்தாள் கொனோமி. சீட்டு எதுவும் இல்லை.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அவள் இல்லாவிட்டால் நாங்கள் மறுபடி ஒன்பது பேர்.

சாயங்காலமே அவள் வீட்டுக்கு ஓடினேன். கொனோமி வாசலில் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"கொனோமி, நீ வரலேன்னா நாம தோத்துடுவோம்!"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அதுக்குத்தான் வந்தியா?"

"ஆமா" என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது. அன்றைக்கு வந்திருக்கலாம்.

"ஆறு நிமிஷம் அந்த மூலையில நீ நின்னு பார்த்திருக்கியா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபடி பனியை வார ஆரம்பித்தாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நிற்பதில் என்ன கஷ்டம்? ஓடியாடி வேர்த்து விறுவிறுத்துப் போகிறவள் நானல்லவா? வீடு போகும்வரை இப்படியே முணுமுணுத்துக்கொண்டு போனேன். ஆனாலும் அந்தக் கேள்வி விடவில்லை, காலணிக்குள் போன கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை பயிற்சியில் எல்லோரையும் கூப்பிட்டேன்.

"ஆறு நிமிஷம் நான் மூலையில நிக்கப் போறேன். யாரும் எனக்குப் பந்து போடக் கூடாது. நான் கேட்டாலும் போடக் கூடாது."

ரெண்டு கையையும் தூக்கிக் குதித்தாள் ஐந்தாம் எண் மிஹாரு. "ஆறு நிமிஷம் போதுமா? வேணும்னா ஒரு மணி நேரம் நில்லேன்!"

எங்கள் பயிற்சியாளர் நரிதா. தீயணைப்பு நிலையத்தில் வேலை. நெருப்பை அணைப்பது அவர் தொழில், அரங்கத்தில் குளிர்காய இருக்கும் ஒரே மண்ணெண்ணெய் அடுப்பை விட்டு மட்டும் நகர மாட்டார். "என்னமோ பண்ணுங்க, கதவைச் சாத்திட்டுப் பண்ணுங்க" என்றார்.

முதல் நிமிடம் சுலபமாக இருந்தது. இரண்டாவது நிமிடம் கையை ஆட்டிக் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை. மூன்றாவது நிமிடம் வேர்வை ஆறி முதுகு சில்லிட்டது. பந்து அந்தப் பக்கம் போகும்போது அவர்களோடு அடுப்பும் வெளிச்சமும் போவது மாதிரி இருந்தது. நாலாவது நிமிடம் விரல்களை மடக்கிப் பார்த்தேன். மடங்கவில்லை. விறைத்துப்போய்க் கட்டைபோல் இருந்தன.

ஐந்தாவது நிமிடம் மிஹாரு தன்னை மறந்து என்னிடம் பந்தை வீசினாள். சாதாரணப் பந்துதான். தூக்கத்தில்கூடப் பிடித்துவிடுவேன். அது என் கைகளுக்கு நடுவே புகுந்து வந்து நேராக மூக்கில் மோதியது.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அழுகை வந்துவிட்டது. மூக்கு வலி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அது மூக்கு வலி இல்லை. அரையிறுதியில் கொனோமி பந்தை விட்டது ஆடத் தெரியாததால் அல்ல. அவள் கை உறைந்துபோய் இருந்தது. உறைய வைத்தவள் நான்.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த கொனோமி என் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"என்ன ஆச்சு உன் மூக்குக்கு?"

"மூலையில நின்னேன். ஆறு நிமிஷம் முடியல, அஞ்சுதான்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. அடக்க முடியவில்லை, வெடித்துச் சிரித்தாள். தக்காளி மாதிரி வீங்கிய மூக்கோடு நானும் சிரித்தேன்.

"அப்படிக் கத்தினது தப்பு, கொனோமி. அதுக்கு முன்னாடி, பந்து உன் பக்கம் வராதுன்னு சொன்னேனே, அது அதைவிடப் பெரிய தப்பு." பையிலிருந்து மடித்த சட்டையை எடுத்து நீட்டினேன். "வர்றதுன்னா வா. வராட்டியும் பரவாயில்ல, இதைச் சொல்லத்தான் வந்தேன். நீ வந்தா முதல் பந்து உனக்குத்தான்."

"நான் விட்டுட்டா?"

"ரெண்டாவதும் உனக்கு."

"அதையும் விட்டுட்டா?"

"கோச் திட்டுவார். என்னைத்தான் திட்டுவார், உன்னை இல்ல."

சட்டையை வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டாள். உள்ளேயிருந்து மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அரங்க வாசலில் எனக்கு முன்பே வந்து நின்றாள்.

எதிரணி பக்கத்து நகரத்துப் பெரிய பள்ளி. அவர்களுடைய நான்காம் எண் என்னைவிட ஒரு தலை உயரம். மூன்றாவது பகுதி தொடங்கும்போது நாங்கள் ஐந்து புள்ளி பின்னால் இருந்தோம். அப்போதுதான் கொனோமி உள்ளே வந்தாள்.

"பதின்மூணை விட்டுடுங்க! அவளுக்குப் போட மாட்டாங்க!" என்று அந்த நெட்டைப் பெண் தன் ஆட்களிடம் சொன்னாள். அரையிறுதியில் நான் போட்ட கூச்சல் அவர்கள் காதுவரை போயிருந்தது.

பந்து என் கைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கொனோமிக்குக் கொடுத்தேன். பக்கத்தில் போய், மெதுவாக, நெஞ்சுக்கு நேராக. மார்போடு அணைத்துப் பிடித்தாள், உடனே திருப்பிக் கொடுத்தாள். சுடுகிற கிழங்கைக் கொடுப்பதுபோல் கொடுத்தாள். ஆனால் பிடித்துவிட்டாள்!

இரண்டாவது பந்தை விட்டுவிட்டாள். எதிரணி அதை எடுத்துக்கொண்டு ஓடிப் புள்ளி போட்டது. ஏழு புள்ளி பின்னால். அங்கேயும் ஓர் அடுப்போரமாகவே உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் நரிதா முதல்முறையாக அதை விட்டு எழுந்துவிட்டார். "ஷிஹோ! என்ன பண்றே நீ?"

எனக்கும் அந்த ஒரு நொடி மனசு ஆடியது. ஜெயிக்க வேண்டும், ரொம்ப ஆசை. கொனோமி என்னைப் பார்த்தாள். இனி வராது என்று அவள் முகம் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. அதைப் பார்த்ததும் நானும் முடிவு செய்துவிட்டேன்.

அடுத்தமுறை நெட்டைப் பெண்ணோடு இன்னொருத்தியும் சேர்ந்து என்னை மறித்தார்கள். கொனோமியை அப்படியே அம்போவென்று விட்டுவிட்டார்கள். கூடைக்குப் பக்கத்தில் அவள் தன்னந்தனியாக நின்றாள். நான் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பந்தை அவளிடம் அனுப்பினேன்.

பிடித்தாள். பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு தூக்கி எறிந்தாள். அவ்வளவு அசிங்கமான வீச்சை நான் இன்றுவரை பார்த்ததில்லை. பலகையில் மோதி, வளையத்தில் இரண்டு தடவை குதித்து, உள்ளே விழுந்தது.

"விழுந்துச்சா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"விழுந்துச்சு, விழுந்துச்சு! ஓடு!"

அதற்குப் பிறகு அவளை மறிக்க ஒருத்தி வர வேண்டியதாயிற்று. என்னை மறிக்க ஒருத்திதான் மிச்சம். ஒருத்தி எனக்கு எம்மாத்திரம்? கடைசியில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். கொனோமி போட்டது இரண்டு. கணக்கு உங்களுக்கே புரியும்.

பயிற்சியாளர் நரிதா என்னைத் திட்ட வந்தார், திட்ட மறந்து அழுதுவிட்டுப் போனார்.

இதுதான் என் மூக்குக் கதை. பெஞ்சில் உட்கார்ந்து ஆறிப்போன கைக்குத்தான் முதல் பந்து. பதினோரு வருடமாக எதிரணிகளுக்கெல்லாம் இது தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

கொனோமி அதற்குப் பிறகு கூடைப்பந்து ஆடவில்லை. இப்போது எங்கள் கடலோர ரயிலில் நடத்துநர். விநாடி தப்பாமல் வண்டியைக் கிளப்புகிறவள். என் ஆட்டம் ஒன்றையும் விடாமல் டிவியில் பார்ப்பாள். போன வாரம் நான் இருபது புள்ளி போட்டு ஜெயித்தேன், ஊரே பாராட்டியது. உடை மாற்றும் அறையில் போனை எடுத்துப் பார்த்தால், ஆட்டம் நடக்கும்போதே அவள் அனுப்பிய ஒரு செய்தி.

"ஒன்பதாம் நம்பர் பொண்ணு உள்ளே வந்து நாலு நிமிஷம் பத்து விநாடி ஆச்சு, இன்னும் பந்து தரலையே? மூக்கு பத்திரம்."