ஷெமியின் அறை ரோஜாக்கள்

கிறிஸ்மஸுக்கு வெட்டிய ரோஜாக்கள் லெந்து நோன்பு நாள்கள் தொடங்கிய பிறகும் வாடவில்லை.

அதை முதலில் கவனித்தவள் சிஜி, காரோடு என்ற ஊரில் இருந்த அந்த வீட்டின் மூத்த மருமகள். ரோஜாக்கள் இளையவள் ஷெமியின் அறையில், ஒரு கண்ணாடிச் சாடியில் நின்றன. ஷெமி பூவாரில் ஒரு ரிசார்ட்டில் பூ அலங்காரம் செய்துகொண்டிருந்தவள். கணவன் சஜின் படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டாள். என்ன நோய் என்று எந்த டாக்டருக்கும் பிடிபடவில்லை. ஆள் மட்டும் வற்றிக்கொண்டே வந்தான்.

சிஜிக்கு அவன்மேல் இரக்கம் உண்டு. அந்தப் பூக்களைப் பார்த்ததும் அது நின்றுபோகும். அவளும் ரோஜா வாங்கி வைத்தாள். தண்டைச் சாய்த்து வெட்டினாள்; தண்ணீரில் முங்கும் இலைகளைக் கிள்ளினாள்; சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கலந்தாள்; வெயில் படாமலும் பழக்குலைக்குப் பக்கத்தில் வைக்காமலும் பார்த்துக்கொண்டாள். ஒரு வாரம்கூட நிற்கவில்லை. தலை தொங்கி, தண்ணீர் வழுவழுத்து, அறையெல்லாம் அழுகல் வாடை.

"ஷெமி கைபட்டா பூவும் சாவாது, கேட்டியா," என்று சிஜியின் கணவன் ஷிபு சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பைத் தன்னிடம் கடைசியாக எப்போது சிரித்தான் என்று அவள் அன்று முழுக்க யோசித்தாள்.

ஷெமியிடமே கேட்டுவிட்டாள். "அதுல என்னத்த போடுதே, மக்கா?"

"ஒண்ணும் இல்ல சேச்சி. தண்ணிகூட நான் ஊத்தல்ல." ஷெமியின் குரல் தாழ்ந்தது. "தூரக் களஞ்சிரலாம்னு பாத்தா, இவரு கண்ணெடுக்காம அதையே பாத்துட்டு கெடக்காரு. எனக்கு பயமாக்கும்."

ரகசியத்தைச் சொல்ல அவளுக்கு மனமில்லை, அதுதான் என்று சிஜி நினைத்தாள்.

மறுநாள் மதியம் ஷெமி மருந்து வாங்கப் பாறசாலைக்குப் போனாள். மழைக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சிஜி சத்தமில்லாமல் அந்த அறைக்குள் போனாள். தைலமும் ஈரத்துணியும் மணக்கும் அந்த அரையிருட்டில், சஜினின் மூச்சுக்கு அடியில் இன்னொரு சத்தமும் கேட்டது. குழந்தை பால் குடிப்பதைப்போல மெல்ல, விட்டுவிட்டு உறிஞ்சும் சத்தம். அவள் சாடியைத் தூக்கினாள். சத்தம் நின்றது.

சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஷிபுவின் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தாள். எழுந்ததும் முதலில் இதைப் பார்க்கட்டும். இனி அவன் சிரிப்பது தன்னைப் பார்த்துத்தான். சமையலறைக்குப் போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்தாள். மழை ஓட்டின்மேல் கொட்டியது. வெகுநாளைக்குப் பிறகு மனசு குளிர்ந்திருந்தது.

மழை விட்டபோது மறுபடியும் அந்தச் சத்தம்.

உறிஞ்சுகிற சத்தம். இப்போது இடைவிடாமல். அவசரமாக.

"மைனி."

திரும்பினாள். வாசற்படியில் கொழுந்தன் சஜின் நின்றுகொண்டிருந்தான். தன் காலில். கன்னம் ரத்தம் ஊறிச் சிவந்திருந்தது.

"வல்லாத்த தாகம் மைனி. கொஞ்சம் தண்ணி தாருங்க."

அவள் துருவலைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அறையில் ரோஜாக்கள் கை அகலத்துக்கு விரிந்திருந்தன. கருஞ்சிவப்பு. பளபளப்பு. அப்போதும் அவள் கண் முதலில் அங்கேதான் போனது. ஷெமியிடம்கூட இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

பிறகுதான் கட்டில்.

"ஏங்க."

ஷிபு அசையவில்லை. போர்வைக்கு அடியில் ஆள் இருக்கிற மேடு இல்லை. முகம் மட்டும் தெரிந்தது. சுருங்கி. ஓரங்கள் பழுத்து. உள்நோக்கிச் சுருண்டு.

கன்னத்தைத் தொட்டாள்.

தொட்ட இடம் சருகாகப் பெயர்ந்து அவள் விரலோடு வந்தது.

அவன் கண்கள் மட்டும் ஈரமாக இருந்தன. அவை அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.