பதினேழு ஒன்றுகள்

“அது பகா எண் இல்லீங்க.”

பின்னால் கேட்ட குரலுக்கு அவள் திரும்பினாள். அச்சகத்தின் கணினித் திரையில் அவளுடைய பேனர்... பதினேழு ஒன்றுகள் வரிசையாக நிற்க, கீழே ‘ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்’ என்றிருந்தது. மறுநாள் அவள் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளியில் கணிதக் கண்காட்சி. முதலில் பத்தொன்பது ஒன்றுகள்தான் வைத்திருந்தாள்; அந்த நீண்ட எண் பகா எண்தான். துணியில் இடம் போதவில்லை என்று கடைக்காரர் தலையைச் சொறிந்ததும், “ரெண்டை எடுத்துடுங்க. பதினேழும் பகா எண்தானே?” என்று சொன்னவளும் அவளேதான்.

“நீங்க யாருங்க?”

“பக்கத்து ஸ்கூல் கணக்கு வாத்தியார். கேள்வித்தாள் வாங்க வந்தேன்.” வெளியே நல்ல மழை. நனைந்த முடியிலிருந்து ஒரு துளி இறங்கி அவன் இமையில் நின்றது... துடைக்காமலே சொன்னான். “இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூத்து இருபத்து மூணால வகுபடும்.”

“மனப்பாடமா? வேற வேலையே இல்லையா உங்களுக்கு?”

“லீவுல இல்லீங்க.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணா, அப்படியே அடிங்க.”

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து வகுத்தாள். மீதி பூஜ்ஜியம்.

“யாரைத் திட்டிக்கிட்டே கணக்குப் போடறே?” என்றாள் அக்கா.

“ஒரு திமிர் பிடிச்ச ஆளை.”

“பார்க்க எப்படி?”

“அதை இப்ப யாரு கேட்டா...”

தப்பு செய்தது உறுத்தவில்லை. தப்பு என்ற சொல்லைத் தன்னைப் பற்றி அவள் வகுப்பில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை; அதுதான் உறுத்தியது. பேனரைச் சுருட்டி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது... அவனைத் தவிர. முன்பின் தெரியாத ஒருவனின் கண்ணுக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறோம் என்று யோசித்தாள். அது பயமே இல்லை என்றுதான் பதில் வந்தது.

மறுநாள் பேனரை மாட்டினாள். அடியில் சிவப்பு மையால் பெரிதாக எழுதினாள்: ‘2071723 × 5363222357. நான் தவறாகச் சொல்லிவிட்டேன்.’

“டீச்சர், நீங்களா தப்புப் பண்ணீங்க?” பிள்ளைகள் மொய்த்தார்கள்.

“நானேதான். பெருக்கிப் பாருங்க.”

நிமிர்ந்தபோது வாசலில் அவன் நின்றிருந்தான். மெல்ல அருகில் வந்தான்.

“பேனரை மாத்தி அடிச்சிருக்கலாமே?”

“அப்ப நீங்க சொன்னது சரின்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரிஞ்சா போதாதா?”

“எனக்குப் போதலை.”

அவன் காதுமடல் சிவந்தது. “கடையில வெச்சு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது... இனிமே எதுவும் சொல்ல மாட்டேன்.”

“சொல்லணும்.” அவள் குரல் தடுமாறவில்லை. “தப்பை முகத்துக்கு நேரா சொல்ற ஆளு தினமும் பக்கத்துல இருந்தா எப்படியிருக்கும்னு யோசிச்சுப் பார்த்தேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“எரிச்சலா இருந்துச்சு...” அவன் கண்களிலிருந்து அவள் பார்வையை எடுக்கவில்லை. “இல்லாம இருந்தா எப்படின்னும் யோசிச்சேன். அது அதைவிட மோசமா இருந்துச்சு.”