சங்கிலியில் ஆறு

போர்டில் இருந்தவை நான்கு சிப். திரை ஆறு என்றது.

அவள் கேபிளைப் பிடுங்கி, முனையை ஊதி, மறுபடியும் செருகினாள். ஆறு. பிற்பகல் மூன்று மணி. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், ஆனால் ஜன்னலே இல்லாத அந்தச் சோதனை அறைக்குள் ஏ.சி.யின் ஒரே சீரான உறுமலும், பக்கத்து மேசையிலிருந்து வந்து தொண்டையில் கசந்து நிற்கும், ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டர் புகையும், தலைக்கு மேல் விட்டுவிட்டு ரீங்கரிக்கும் குழல் விளக்கும் தவிர வேறு பொழுது கிடையாது. ஏழு மாத வயிறு மேசை விளிம்பில் இடிக்காதபடி ஒருக்களித்து உட்கார அவள் பழகியிருந்தாள்.

ஒன்பது வருடமாகச் செய்கிற வேலை. பவுண்டரி ஸ்கேன் என்று பெயர். போர்டில் உள்ள சிப்களையெல்லாம் ஒரே சங்கிலியாகக் கோத்து ஒரு முனையில் கேள்வியை அனுப்பினால், ஒவ்வொன்றும் தன் அடையாள எண்ணைச் சொல்லும். பிறகு அவற்றின் சொந்த வேலையை நிறுத்திவிட்டு, கால்கள் என்று சொல்லும் இணைப்புக் கம்பிகளை மட்டும் நம் கட்டுப்பாட்டில் எடுத்து, ஏற்றி இறக்கிப் பார்த்தால், எந்த இணைப்பு அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கடைசியில் அதே வழியாக உள்ளே நிரலையும் எழுதிவிடலாம். தூங்குகிறவரின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பது மாதிரிதான்; சிப்புக்கு ஒன்றும் தெரியாது.

"அண்ணே, இது ஆறுன்னு காட்டுது."

பக்கத்து மேசை ரிப்பேர்காரர் பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ ரெண்டு பேரா வந்து உக்காந்திருக்கேல்ல தங்கச்சி, அதையும் சேத்து எண்ணிடுச்சு போல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் பட்டியலைத் திறந்தாள். முதல் நான்குக்கும் அடையாள எண் சரியாக இருந்தது. ஐந்துக்கும் ஆறுக்கும் எண்ணே இல்லை. ஆனால் இரண்டும் வேலை செய்துகொண்டிருந்தன. ஐந்தில் ஒரு கால் மட்டும் ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது, நிமிடத்துக்கு எண்பத்தெட்டு முறை. ஆறில் அதைவிட வேகம். நூற்று நாற்பத்திரண்டு.

நூற்று நாற்பத்திரண்டு. போன வாரம் டாக்டர் வயிற்றில் கருவியை வைத்து, குழந்தையின் துடிப்பு என்று சொன்ன எண்.

அவள் மெல்லத் தன் இடது மணிக்கட்டைப் பார்த்தாள். உடம்பில் தேங்கும் மின்சாரம் போர்டைக் கெடுத்துவிடாமல் இருக்க எல்லோரும் கட்டிக்கொள்ளும் எர்த் பட்டை. அதன் கவ்வியை மேசைக்கு அடியில் இருக்கும் ஆணியில் மாட்ட வேண்டும். வயிற்றோடு குனிய முடியாமல் கொஞ்ச நாளாகக் கைக்கு எட்டிய இரும்பில் மாட்டிக்கொண்டிருந்தாள். இன்று அது சோதனைக் கேபிளின் தலையைக் கவ்விக்கொண்டிருந்தது.

கழற்ற நினைப்பதற்குள் சோதனை தானாக அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது.

ஐந்து: கால்கள் பிடிக்கப்பட்டன.

அவளுடைய வலது கை மேசையிலிருந்து எழுந்தது. அவள் தூக்கவில்லை. தோள் உயரம் வரை போய், நின்று, இறங்கியது. வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆறு: கால்கள் பிடிக்கப்பட்டன.

உள்ளே வலப்பக்கம் ஓர் உதை. இடப்பக்கம் ஓர் உதை. மறுபடி வலம். மறுபடி இடம். எந்தக் குழந்தையும் அப்படி அளந்து உதைக்காது.

ஆறு: காலி. எழுதுகிறது. ஒரு சதவீதம்.

பட்டையை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. எழுதும்போது பிடுங்கக் கூடாது. பாதி எழுதி அறுந்த சிப் பிறகு கண் விழிக்காது. அப்படிச் செத்த போர்டுகளை அவளே குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறாள்.

"அண்ணே."

குரலைக் கேட்டு ரிப்பேர்காரர் எழுந்து வந்தார். திரையைப் பார்த்தார், கவ்வியைப் பார்த்தார், கேபிளைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

"வேண்டாம்ணே. எழுதிட்டிருக்கு."

எண் ஒவ்வொன்று கூடும்போதும் அவளுடைய மேலங்கி வயிற்றின்மேல் ஒருமுறை துள்ளியது. அதைக் கண்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எதை எழுதுது?"

"தெரியலண்ணே. நான் எந்த ஃபைலும் குடுக்கல."

"அசையாதே. எதையும் தொடாதே. நான் போய் நம்ம கம்பெனி டாக்டரைக் கூட்டிட்டு வந்துடறேன்."

செருப்புச் சத்தம் நடைபாதையில் தேய்ந்து மறைந்தது.

நாற்பது. உதை. நாற்பத்தொன்று. உதை. என் குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது, ஒன்றும் ஆகக் கூடாது என்று அவள் உதடு முணுமுணுத்தது. அறுபத்தாறில் எண் நின்றது. உள்ளேயும் அசைவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். விளக்கு ரீங்கரித்தது. வியர்வை காதோரம் வழிந்தது. அறுபத்தேழு. உதை.

நூறு. சரிபார்க்கிறது.

சரி.

நூற்று நாற்பத்திரண்டு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. "பொழைச்சுட்டே கண்ணு," என்றாள். பட்டையின் கொக்கியில் விரலை வைத்தாள்.

ஐந்து: காலியில்லை. அழிக்கிறது.

கொக்கியை இழுக்க வேண்டுமா, அமுக்க வேண்டுமா? தினம் பத்து முறை செய்வதுதான். நான்கு சதவீதம். இழுக்க. எதை? பதினொன்று. ஐந்து மணிக்கு வாசலில் கணவர் வண்டியோடு நிற்பார். கணவர். முகம். மீசை இருந்ததா? இருபது. யாரோ நிற்பார். எந்த வாசல்? முப்பத்தெட்டு. கையில் ஏதோ சுற்றியிருந்தது.

ஓடி வரும் காலடிகள். கதவு திறந்தது. மூச்சிரைக்க ஒரு பெரியவர், அவருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டில் ஒரு பெண்.

"தங்கச்சி," என்றார் அவர்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

பயமாக இருந்தது. அந்த ஆள். இந்த வெளிச்சம். எல்லாவற்றையும்விடத் தன் மடிமேல் கனத்துக் கிடந்த அந்த உருண்டை. அது தன்னோடு ஒட்டியிருந்தது. நகர்த்த முடியவில்லை. இரண்டு கைகளாலும் அதைத் தள்ளிப் பார்த்தாள்.

உள்ளிருந்து ஏதோ ஒன்று அவள் விரல்களை ஒவ்வொன்றாக, பத்தையும், அழுத்திப் பார்த்தது.