லைன் டெட்

“என் புருஷன் தானா சாகலை சார். சுவிட்ச் ரூம் ஆபரேட்டர்தான் கொன்னுட்டான்.”

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வைத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் அந்தப் பெண் சொன்னாள். அவள் கணவன் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன். போன வாரம் இரண்டாம் ஷெட்டில் கிரேன் மோட்டாரைப் பழுதுபார்க்க ஏணியில் ஏறியவன், கரண்ட் அடித்து விழுந்து இறந்தான். கரண்டை நிறுத்தியிருக்க வேண்டியவன் ஆபரேட்டர். இருவருக்கும் ஷிப்ட் விஷயத்தில் ஏற்கெனவே வாய்த்தகராறு உண்டு.

துப்பறிவாளரை எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் அழைப்பார்கள். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். அவருடைய மைத்துனன் நேர்மாறு. எள் என்றால் எண்ணெயாக நிற்பவன். அவள் பேசி முடிப்பதற்குள் பைக் சாவி அவன் கையில் இருந்தது.

தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர்தான் ஒரே சாட்சி.

“ஏணிக்குக் கீழதான் சார் நின்னேன். ‘ஏறப்போறேன், ஆஃப் பண்ணிட்டுச் சொல்லு’ன்னு எலக்ட்ரீஷியன் வாக்கிடாக்கியில கேட்டார். ‘இரு, முதல் ஷெட்டுக்குச் சொல்லிட்டு ஆஃப் பண்றேன்’னு ஆபரேட்டர் சொன்னார். அப்புறம் வாக்கிடாக்கி கரகரன்னுச்சு. உடனே அதே குரல், ‘லைன் டெட்’னு. இவர் ‘சரி’ன்னுட்டு ஏறினார்.”

ஆபரேட்டரின் கண்கள் குழி விழுந்திருந்தன. “என் பிள்ளை மேல சத்தியமா, கரண்ட் ஆஃப்னு நான் சொல்லவே இல்லை சார். முதல் ஷெட்டுல வாக்கிடாக்கி கிடையாது, மெஷினை நிறுத்தச் சொல்ல நடந்து போனேன். திரும்பி வர்றதுக்குள்ள...”

சுவிட்ச் ரூம் வாசலில் அவனுடைய செருப்பு சேறு காய்ந்து கிடந்தது. மேஜைமேல் ஒரு டெலிபோன். மைத்துனனுக்கு உற்சாகம் பொங்கியது.

“அத்தான், பாருங்க. கையெட்டுற தூரத்துல போனை வச்சுக்கிட்டு எவனாவது சேத்துல நடப்பானா? பச்சைப் பொய்!”

“நல்ல கேள்வி மச்சான். அதைப் போன்கிட்டயே கேளு.”

அவன் ரிசீவரைக் காதில் வைத்தான். உம் என்றும் இல்லை, இம் என்றும் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே, மதிலோரம் புதிதாகத் தோண்டிய பள்ளத்தில் ஒரு கேபிள் அறுந்து தொங்கியது. “வாய்க்கால் வெட்டுறப்போ அன்னைக்குக் காலையில அறுந்துபோச்சு. இன்னும் சரிபண்ண ஆள் வரலை” என்றார் கூட வந்திருந்த மேனேஜர்.

நிதானம் எல்லோரையும் அங்கேயே கூப்பிட்டார். எலக்ட்ரீஷியனின் மனைவி கதவோரம் நின்றாள். கேட் வாட்ச்மேன் கடைசியாக வந்தார்.

“அன்னைக்கு ஆபரேட்டர்கிட்ட வாக்கிடாக்கியில பேசினீங்களா?”

“பேசினேன் சார். லாரி வந்துது. போன் பண்ணினா போகலை. ‘ஏம்ப்பா போன் என்ன ஆச்சு’ன்னு கேட்டேன். ‘லைன் டெட்’னார்.”

மைத்துனன் துள்ளினான். “இதை ஏன் போலீஸ்ல சொல்லலை?”

“கரண்ட் ஆஃப்னு யாராவது சொன்னாங்களான்னுதான் கேட்டாங்க. இல்லைன்னேன். நிஜம்தானே?”

“நிஜம்தான்” என்றார் நிதானம். “சுவிட்ச் ரூம் நடுவுல இருக்கு. இங்க பேசினா ரெண்டு பக்கமும் கேட்கும். ஆனா கேட்ல பேசினா ஷெட்டுக்கு எட்டாது, வெறும் கரகரப்புதான். வாட்ச்மேனோட கேள்வி ஏணிகிட்ட போய்ச் சேரலை. பதில் மட்டும் போச்சு.

“டெட்னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை. நம்ம வாயில அது படாத பாடு படுது. பேட்டரி டெட். விக்காத சரக்கு டெட் ஸ்டாக். பஸ் ஊர்ந்தா டெட் ஸ்லோ. போன் பேசலைன்னாலும் லைன் டெட், கம்பியில கரண்ட் இல்லைன்னாலும் லைன் டெட். இவர் போனைச் சொன்னார். ஏணிகிட்ட நின்னவர், தான் காத்துக்கிட்டிருந்த பதிலைக் கேட்டார். போன் வேலை செய்யாததாலதான் இவர் சேத்துல நடந்தார்.”

ஆபரேட்டர் அந்த ரிசீவரையே பார்த்தான். “சொன்னேன்... அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன்.”

“அப்போ விபத்துதான்” என்று மேனேஜர் மூச்சுவிட்டார். “யார் மேலயும் தப்பில்லை.”

“மெயின் சுவிட்சுக்கு ஒரு பூட்டு இல்லை. வாய்வார்த்தையை நம்பி ஆளை ஏத்தியிருக்கீங்க.”

“எல்லா இடத்துலயும் இப்படித்தானே சார்.”

மைத்துனன் நிதானத்தின் முகத்தையே பார்த்தான்.

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: “ஆஸ்பத்திரியில டாக்டர் இந்த வார்த்தையைத்தான் சார் நர்ஸ்கிட்ட சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா அது புரிஞ்சுபோச்சு.”

“அக்கா, ரெண்டு அடியாவது அடிங்கக்கா” என்றான் ஆபரேட்டர்.

அவள் கையை ஓங்கினாள். ஓங்கிய கை எங்கே இறங்குவதென்று தெரியாமல் நின்றது. பிறகு தானாகத் தாழ்ந்தது.

மைத்துனன்தான் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டான். அவளுடைய மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“யாருன்னு தெரிஞ்சுதா?”

“யாருமில்லை அத்தை.”

“யாருமில்லையா? என் பிள்ளை செத்திருக்கான், யாருமில்லையா? உன்னையும் பேசி மயக்கி அனுப்பிட்டாங்களா?”

“அம்மா, இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை...” என்று மைத்துனன் ஆரம்பித்தான். தன் காதுக்கே அது கேவலமாகக் கேட்டது. நிறுத்திக்கொண்டான்.

கிழவி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். மருமகள் வெளியே நின்று ஒருமுறை தட்டினாள். திறக்கவில்லை. மறுபடியும் தட்டினாள்.