ஈசானிய மூலை மீன் தொட்டி

ஹாலில் சாமி அலமாரியில் இருந்த பித்தளைக் கிண்ணம் காலி. வைரத்தோட்டைக் காணோம்.

ஈரத்தலையில் துண்டு சுற்றியபடி ராசாத்தாள் போட்ட அலறல், பின்கட்டில் தறி ஓடும் சத்தத்தையும் தாண்டிப் போய்க் கணவர் அப்புசாமியை ஓடி வர வைத்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்காகத் தோட்டைக் கழற்றி வைத்திருந்தாள். அவள் அம்மா சாகும்போது கொடுத்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் ஹாலில் இருந்த ஒரே ஆள், தொட்டியில் மீன் விட வந்த ரசாக்.

"போலீசு வர்ற வரைக்கும் ஒருத்தரும் வெளிய போகப்படாது. எல்லாரையும் சோதனை போடட்டும்" என்று சொல்லிவிட்டு, அப்புசாமி தறி ஆட்களோடு கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த ரசாக்கின் கடைக்கே போய், சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அதுவரை ராசாத்தாள் கேட்டருகே நின்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

1996 மே மாதம். சிங்காநல்லூர் வெயில் மண்டையைப் பிளந்தது. பகல் 12.10க்கு சப்-இன்ஸ்பெக்டர் மயிலாத்தாள் ஜீப்பை விட்டு இறங்கியபோது, கேட்டில் தெருவே கூடியிருந்தது.

"போன வாரம் எங்க ஊட்டுத் தொட்டியையும் இந்தாளுதானுங்க கழுவுனாரு!" பக்கத்து வீட்டுக் கோவிந்தராஜுலு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "போயி என்னென்ன காணோம்னு பாக்கோணும்!"

உள்ளே ரசாக் சுவரோரம் நின்றிருந்தார். சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. அவரையும் கடையையும் அலசியாகிவிட்டது, தோடு அகப்படவில்லை.

"ஸ்டேஷனுக்குக் கொண்டு போயி நாலு வெச்சாக் கக்கிப்போடுவானுங்க" என்றான் ராசாத்தாளின் தம்பி கிருபாசங்கர். கான்ஸ்டபிள் வேங்கடசாமியும் அதே யோசனையில்தான் இருந்தார்.

மயிலாத்தாளின் கண் ஈசானிய மூலையில் இருந்த தொட்டிக்குப் போயிற்று. வாஸ்துக்காரர் சொன்னாரென்று வைத்த இரண்டடித் தொட்டி. போலீஸ் குவார்ட்டர்ஸில் அவளிடமும் ஒன்று உண்டு. அவள் மீன் வளர்க்கிறாள் என்பதைவிட, மீனை அடக்கம் செய்கிறாள் என்பதே பொருத்தம். மூன்று முறை வாங்கி மூன்று முறையும் செம்பருத்திச் செடியடியில் புதைத்திருக்கிறாள்.

ரசாக்கை மட்டும் வாசல் திண்ணைக்குக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் கேட்டாள். "பாய், தொட்டிக்கு எப்பத் தண்ணி ஊத்துனீங்க?"

"செவ்வாக்கெழமைங்க மேடம். அடியில களிமண்ணு, மேல கூழாங்கல்லு, அப்பறம் செடி. குழாய்த் தண்ணியில மருந்து இருக்குமுங்க, உடனே மீனை உடப்படாது. ஆற வெச்சு இன்னைக்குத்தான் மீனு கொண்டாந்தேன்."

"மேற்கொண்டு தண்ணி வேணும்னா?"

"பொறகால டிரம்முல புடிச்சு ஆற வெச்சிருக்குதுங்க. அதைத்தான் ஊத்தோணும்னு அன்னைக்கே ஐயாகிட்டயும் அம்மாகிட்டயும் சொல்லியிருக்கறேன்."

"இன்னைக்கு ஊத்துனீங்களா?"

"ஒரு சொட்டு ஊத்துலீங்க. மீனுப் பையை அப்படியே தொட்டியில மெதக்க உட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். ரெண்டு தண்ணியும் ஒரே சூட்டுக்கு வரோணுமில்லீங்களா? அப்பறம் அவுத்து உட்டுட்டுப் போயிட்டேன்." அவர் கேட்டில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "நாலு பேரு ஊட்டுக்குள்ள உட்டாத்தானுங்க எம்பொழப்பு. திருடன்னு பேராச்சுன்னா எவன் கதவைத் தொறப்பான்?"

மயிலாத்தாள் அவரோடு உள்ளே வந்து கிருபாசங்கர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க?"

"இன்னைக்குக் காலையிலதான் ஈரோட்டுல இருந்து வந்தேன். மாடியில படுத்திருந்தேன். அக்கா கத்துனதுக்கப்பறந்தான் எறங்கி வந்தேன்."

"தொட்டிப் பக்கம் போனீங்களா?"

"எனக்கென்னங்க அங்க வேலை?"

"இப்ப மணி என்ன?"

கிருபாசங்கர் கையைத் தூக்கினான். ஜன்னல் வெளிச்சத்துக்கு இப்படியும் அப்படியுமாக இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "பன்னண்டரை இருக்குமுங்க" என்றான். அவள் குறித்துக்கொண்டாள்.

பிறகு தொட்டியின் முன்னால் போய்க் குனிந்தாள். தங்க மீன்கள் ஆறும் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயை வாயைத் திறந்தன. கண்ணாடியின் உட்புறம் முழுக்கப் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகள். இலைகளிலும் அதே. மூலையில் ஒரு செடி மட்டும் சாய்ந்திருந்தது.

அவள் சட்டைக் கையை மடித்துவிட்டு, சாய்ந்த செடியின் அடியில் விரலை விட்டாள். களிமண் புகையாகக் கிளம்பித் தண்ணீர் கலங்கியது. கை வெளியே வந்தபோது உள்ளங்கையில் இரண்டு தோடும் மின்னின.

"பாத்தீங்களா அம்மணி!" அப்புசாமி கத்தினார். "அடுத்த வாரம் கழுவ வர்ற சாக்குல எடுத்துக்கலாம்னு பொதைச்சு வெச்சிருக்கறான்!"

ரசாக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேங்கடசாமி விலங்கை எடுத்தார். மயிலாத்தாள் பொருளைக் கண்டுபிடித்ததே அந்த மனுஷன் கழுத்துக்குக் கயிறாகிவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால், கேட்டில் நிற்கும் கூட்டத்தின் நடுவே அவரை விலங்கோடு நடத்திப் போக வேண்டியதுதான்.

ஒரு மீன் பக்கவாட்டில் சரிந்தது.

"மீனு சாகுது!" அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் திடுக்கிட்டார்கள். "நின்னு பாக்கறீங்களே, தண்ணி கொண்டாங்க! ஓடுங்க!"

ராசாத்தாள் சொம்பைத் தூக்கிக்கொண்டு புறக்கடைக்கு ஓடினாள். அப்புசாமியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இன்னொரு சொம்போடு அவள் பின்னாலேயே ஓடினார். கிருபாசங்கர் நேரே சமையலறைக்குள் நுழைந்தான். குழாய் திறக்கும் சத்தம் ஹாலுக்குக் கேட்டது.

மூன்று பேரும் தண்ணீரோடு திரும்பினார்கள். மயிலாத்தாள் கிருபாசங்கரின் பக்கெட்டைத் தடுத்தாள்.

"ஏனுங்க, இது எங்க புடிச்சீங்க?"

"குழாயிலதான். வேறெங்க புடிப்பாங்க?"

"உங்கக்கா டிரம்முக்குப் போனாங்க. மாமாவும் டிரம்முக்குத்தான் போனாரு."

மயிலாத்தாள் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த குமிழிகளைக் காட்டினாள்.

"புதுசா ஊத்துன குழாய்த் தண்ணியிலதான் இப்படிக் குமிழி நிக்கும். மூணு நாள் ஆறுன தண்ணியில நிக்காது. மூணு மட்டம் மீனைக் கொன்னு நான் கத்துக்கிட்ட பாடமுங்க இது" என்றாள் மயிலாத்தாள். "இந்தத் தொட்டித் தண்ணியப் பாதிக்கு மேல இன்னைக்கு மாத்தியிருக்காங்க. எதுக்கு? தோட்டைப் பொதைக்கறப்ப களிமண்ணு கெளம்பித் தண்ணி சேறாப் போச்சு. அப்படியே உட்டா யாரு பாத்தாலும் கேப்பாங்க. அதனால மொண்டு கொட்டிட்டு, குழாய்த் தண்ணியப் புடிச்சு ரொப்பியாச்சு. பாய் அதைச் செய்வாரா? பையை அரை மணி நேரம் மெதக்க உட்ட மனுசன், பச்சைத் தண்ணிய ஊத்தித் தன் மீனைத் தானே கொல்லுவாரா? இந்த ஊட்டுல டிரம்மு சமாச்சாரம் தெரியாத ஆளு ஒருத்தர்தான். செவ்வாக்கெழமை அவரு இங்க இல்லை."

"தெரியாமப் புடிச்சதுக்கு நான் திருடனாயிருவனா?"

"கையைக் காட்டுங்க."

அவன் காட்டவில்லை. வேங்கடசாமி பிடித்துக் காட்டினார். வாட்ச் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்து முள் மங்கலாகத் தெரிந்தது.

"மணி கேட்டப்பவே முள்ளு தெரியாம ரெண்டு மட்டம் திருப்பிப் பாத்தீங்க. அப்ப நீங்க பக்கெட்டையே தொடலை. மாடியில படுத்திருந்தவரு வாட்சுக்குள்ள தண்ணி எப்படீங்க போச்சு? மாமா கடைக்குப் போயிட்டாரு, அக்கா கேட்டுல நின்னாங்க, போலீசு வந்து எல்லாரையும் சோதனை போடுமுன்னு பயம். அவசரத்துல வாட்சைக் கழட்டாம கையை உட்டுட்டீங்க."

கிருபாசங்கர் அக்காவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அது எங்கம்மா தோடு. எம்பொண்டாட்டிக்கு வர வேண்டியது. அவளை ஒரு மனுசியா மதிச்சு அம்மா அதைக் குடுக்கலை."

"கேட்டிருந்தாக் கழட்டிக் குடுத்திருப்பனேடா" என்றாள் ராசாத்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ரசாக் அதற்குள் எழுந்து தொட்டியருகே போயிருந்தார். டிரம்முத் தண்ணீர் இருந்த சொம்புகளில் மீன்களை ஒவ்வொன்றாக மாற்றினார். சரிந்தது பிழைக்கவில்லை. மற்ற ஐந்தும் மெல்ல அடியில் இறங்கின.

அப்புசாமி தொண்டையைச் செருமினார். "அம்மணி, குடும்ப விசயமுங்க. மச்சினனை ராத்திரிக்கா நானே கூட்டியாந்து ஸ்டேஷன்ல உடறேன். பாய் பொறக்கடை வழியாப் போயிக்கட்டும். அவருக்கு ஏதாச்சும் பாத்துக் குடுத்துரலாம்."

"அவரை எந்த வழியா இழுத்துட்டு வந்தீங்க?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

அப்புசாமி கேட்டை எட்டிப் பார்த்தார். அந்தத் தெருவில் அவர் வீட்டுக்கு இருந்த மரியாதை சின்னதில்லை. கடைசியில் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, ரசாக்கின் கையைப் பிடித்து முன்வாசல் வழியாகவே கேட்டுக்கு நடந்தார். பின்னால் வேங்கடசாமியோடு கிருபாசங்கர்.

"எல்லாருங் கேட்டுக்குங்க" என்றார் அப்புசாமி. "தோடு கெடைச்சிருச்சு. எடுத்தது எம்மச்சினன். பாய் மேல ஒரு குத்தமுமில்லை. நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டேன்."

கூட்டம் முணுமுணுத்துவிட்டுக் கலைந்தது. கோவிந்தராஜுலு மட்டும் போகாமல் நின்று, பல்லைக் காட்டிக்கொண்டு ரசாக்கின் அருகே வந்தார்.

"ஏனுங்க பாய், எங்க தொட்டியில பாசி புடிச்சுக் கெடக்குது. நாளைக்கு வந்துருங்க. நான் வேலைக்குப் போயிருப்பேன், ஊட்டுல சொல்லி வெக்கறேன்."

ரசாக் கிழிந்த சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"வாரேனுங்க. ஆனா நாளைக்கு வேண்டாம். நீங்க ஊட்டுல இருக்கற நாளாப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.